விகுதிப் பிழை

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பியின் வணக்கம்.

உங்கள் காது எப்படி இருக்கிறது? அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். பாப்பாவுக்கு ஒரு பல் விழுந்து, பக்கத்துப் பல் ஆடிக்கொண்டிருக்கிறது. பெரியப்பாவிடம் மறக்காமல் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

உதவி மேனேஜர் வேலையில் சேர்ந்துவிட்டேன். டிப்போவில் மாடி அறை. கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் பஸ் நிலையம் முழுவதும் தெரிகிறது. மேஜையில் இரண்டு போன், அறிவிப்புச் சொல்ல ஒரு மைக். யாருக்கு எந்த பஸ், யாருக்கு லீவு, யாருக்கு லீவு கிடையாது என்று டூட்டி போடுவது நான்தான். இத்தனை வருடம் பஸ் ஓட்டியவன் இப்போது பஸ்ஸைத் தொடுவதே இல்லை. நேற்றுவரை ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து டீ குடித்தவர்கள் என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறார்கள். ஹாரன் அடிக்காமல் ஓட்டுகிறேன் என்று எனக்குப் 'பொறுமை' என்று பட்டம் கட்டியவர்கள், இப்போது 'சார்' என்கிறார்கள். "உட்காருங்கப்பா" என்றால் இன்னும் விறைப்பாக நிற்கிறார்கள்.

ஒரு குறையும் இல்லை. சாப்பாடுதான் கொஞ்சம் இறங்க மாட்டேன் என்கிறது. போகப் போகச் சரியாகிவிடும்.

போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது என்பதால் இந்தக் கடிதம். அண்ணியிடம் விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
தம்பி

ஜனவரி 20

அன்புத் தம்பிக்கு,

நானும் அண்ணியும் சுகம். அவள் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் வலிக்கிறது, துணிக்கடையைக் கண்டால் வலிப்பதில்லை. என் காது அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே தேய்ந்த காது. இனி நல்ல செய்தி மட்டும் கேட்டால் போதும் என்று அதுவே முடிவு செய்துவிட்டது.

உன் செய்தி அந்த மாதிரிச் செய்தி. முடிவெட்டுகிறவரிடம் சொன்னேன். மளிகைக்கடையில் சொன்னேன். நம்மை மதிக்காத எதிர்வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். நம் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற முதல் ஆள் நீ. சாப்பாடு இறங்கவில்லை என்றால், சந்தோஷத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

நிற்க. பிழை திருத்துகிறவனுக்கு அண்ணன் தம்பி கிடையாது. "இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வீட்டில் நீயும் ஒருவன் அல்லவா? "இருக்கிறோம்" என்றுதான் வர வேண்டும். நீ என்ன, தெருவில் நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தா எழுதுகிறாய்? ஆபீசர் ஆனதும் இலக்கணம் மாறிவிடாது, ஐயா!

பாப்பாவின் பல்லுக்கு என் அனுதாபங்கள்.

ஆசியுடன்,
அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக நாள் போய்விட்டது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். பாப்பா சைக்கிள் கற்றுக்கொண்டுவிட்டாள். அவள் ஓட்டியதை நான் இன்னும் பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. ஷெட்டில் பழுதுக்கு நிற்கிற பஸ் ஒன்றில் ஏறி, டிரைவர் சீட்டில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருக்கிறேன். எதுவும் செய்வதில்லை. ஸ்டியரிங்மேல் கையை வைத்தபடி இருப்பேன். அங்கே மட்டும் போன் சத்தம் கேட்பதில்லை. போன வாரம் கண்டக்டர் ஒருவர் அம்மாவின் ஆபரேஷனுக்கு லீவு கேட்டார். ஆள் இல்லை என்று மறுத்தேன். "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணா, வேலைக்குப் போகும்போது பாதி வழியிலேயே கால் நின்றுவிடுகிற மாதிரி உங்களுக்கு எப்போதாவது ஆகியிருக்கிறதா? சும்மா கேட்டேன்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் அவ்வாறே இருப்பாய் என்று நம்புகிறேன்.

கால் நிற்கிறதாம், கால்! செருப்பை மாற்றிப் பார். லீவு மறுத்தால் நாலு பேருக்கு மனவருத்தம் இருக்கத்தான் செய்யும். அதற்காக ஆம்பிளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வதா? உச்சிக்கு ஏறியவன் கீழே பார்க்கக் கூடாது, தலை சுற்றும். உன் வயதில் எனக்கு இதையெல்லாம் யோசிக்கவே நேரம் இருந்ததில்லை. வேலையைப் பார், எல்லாம் பறந்துவிடும்.

மறுபடியும் அதே "இருக்கிறார்கள்"! இந்தமுறை உன் கடிதத்திலேயே சிவப்பு மையில் வட்டமிட்டு, இத்துடன் வைத்திருக்கிறேன். சட்டைப்பையில் வைத்துக்கொள். அச்சகத்தில் இப்போது வேலை குறைவு. அதனால் உன் பிழையைத் திருத்தித்தான் கையைப் பழக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அண்ணி கேட்டதாகச் சொன்னாள்.

ஆசியுடன்,
அண்ணன்

மே 2

மதிப்பிற்குரிய மாமாவுக்கு வணக்கம்.

அக்காவும் நீங்களும் நலமா? உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நான் தனியாக உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

போன மாதக் கடைசியில் ஒருநாள், பஸ் தாமதம் என்று அறிவிப்புச் சொல்ல மைக்கைப் போட்டிருக்கிறார். பாதியில் பேச்சு நின்றுவிட்டது. மைக்கை அணைக்க மறந்து, மேஜைமேல் தலையை வைத்து அழுதிருக்கிறார். "என்னால முடியல, என்னால முடியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். ஒலிபெருக்கியில் பஸ் நிலையம் முழுவதும் கேட்டிருக்கிறது. பயணிகள், டிரைவர்கள், கடைக்காரர்கள், பாப்பாவின் டீச்சர்கூட அங்கே நின்றிருக்கிறார். அம்மா ஆபரேஷனுக்கு லீவு கிடைக்காத அந்தக் கண்டக்டர்தான் படியேறி ஓடி மைக்கை எடுத்து, ஒன்றும் நடக்காதது போல, "பயணிகள் கவனத்திற்கு, பஸ் கொஞ்சம் தாமதமாக வரும்" என்று சொல்லி அணைத்திருக்கிறார். பின்பக்க வாசல் வழியாக இவரை வீட்டில் கொண்டுவந்து விட்டதும் அவர்தான்.

அன்றிலிருந்து சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். பஸ்ஸில் போனால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று, பாப்பாவை நான் எங்கே போனாலும் நடத்தியே கூட்டிப் போகிறேன். "பொண்ணு மூஞ்சிய எப்படிப் பார்ப்பேன்?" என்கிறார். அவள் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள், அவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறார்.

துவைக்க எடுத்த சட்டைப்பையில், நீங்கள் வட்டமிட்டு அனுப்பிய கடிதம் இருந்தது. அது பிழையில்லை மாமா. நானும் பாப்பாவும்தான் நலமாக இருந்தோம். அவர் நலமாக இல்லை. கேட்டேன். பொய் எழுதக் கை வரவில்லையாம், உள்ளதை எழுத வெட்கமாம். "அண்ணன் கண்ணுக்கு ஒரு புள்ளிகூடத் தப்பாது. அவருக்குப் புரியும்னு நினைச்சேன்" என்றார்.

உங்கள்மேல் குறை சொல்ல எழுதவில்லை. இந்த நேரத்தில் அவருக்கு உங்கள் வார்த்தை வேண்டும்.

வணக்கத்துடன்,
பாப்பாவின் அம்மா

மே 30

தம்பி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே வாய் கூசுகிறது. உன் மனைவியின் கடிதம் வந்து நாளாகிறது. எழுதிக் கிழித்ததைக் கூட்டிப் பெருக்கி அண்ணிக்கே அலுத்துவிட்டது.

வாழ்க்கை முழுக்க எழுத்தைப் பார்த்தே பிழைத்தவன் நான். இந்தத் தடவையும் எழுத்தைத்தான் பார்த்தேன், எழுதினவனைப் பார்க்கவில்லை. நீ என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். நான் விகுதியைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். இதைவிட ஒரு மடையன் இருக்க முடியாது. வெட்கமாக இருக்கிறது, தம்பி.

பணத்துக்கு யோசிக்காமல் லீவு போடு, டாக்டரைப் பார். ஒன்று மட்டும். இங்கே கேட்கிறவர்களிடம் உனக்கு வயிற்றில் புண் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அங்கே அப்படியே சொல்லிவிடு. வயிற்றுப்புண் கௌரவமான நோய், யாரும் சிரிக்க மாட்டார்கள். நாலுபேர் வாயில் நீ விழக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பாப்பாவுக்கு என் முத்தங்கள்.

அண்ணன்

ஜூன் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அண்ணியும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குத் தூக்கம் கொஞ்சம் வருகிறது. உங்கள் கடிதத்தின் முதல் பாதியைப் பலமுறை படித்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதோறும் மனநல டாக்டர் உட்காருகிறார். முதல் நாள் அந்தப் பலகைக்குக் கீழே நிற்கக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் கண் பிரிவு. அந்த வரிசையில் போய் நின்று, கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தேன். கசக்கிய கசக்கலில் நர்ஸ் வந்து என் கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டார். கண்ணீர் வழிய டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன். மருந்தால் வந்தது எது, நானே அழுதது எது என்று எனக்கே தெரியவில்லை.

என்னென்ன வேலை என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "ஊருக்கெல்லாம் டூட்டி போடறீங்க. உங்களுக்கு ஓய்வு யார் போடுவாங்க?" என்றார். "இந்தப் பதவி உங்களுக்கு வேணுமா, வீட்டுக்கு வேணுமா, மத்தவங்க பார்க்கறதுக்கு வேணுமா?" என்றும் கேட்டார். இது நோய்தானாம், பலவீனம் இல்லையாம். முதலிலேயே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காதாம். மாத்திரை கொடுத்திருக்கிறார். வாரம்தோறும் வந்து பேசவும் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அதையே யோசித்தேன். பாப்பா சைக்கிள் கற்றபோது நான் பார்க்கவில்லை. யார் எழுந்து நிற்பதற்காக நான் அதை விட்டேன்? டாக்டரம்மா சரி என்று சொன்னதும், என்னை மறுபடி டிரைவராகவே போடுங்கள் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுக்கப்போகிறேன். சம்பளம் குறையும். பாப்பாவின் அம்மா சரி என்றுவிட்டாள். நீங்களும் சரி என்றால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

வயிற்றுப்புண் என்று சொல்ல மாட்டேன், அண்ணா. காது கேட்கிற எல்லோரும் அன்று கேட்டுவிட்டார்கள். நீங்கள் அப்படிச் சொல்லி வைத்தது, அந்த மைக்கைவிட எனக்கு அவமானமாக இருந்தது. கோபத்தில் எழுதவில்லை. கோபம்தான், ஆனாலும் எழுதுகிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி

ஜூலை 25

தம்பிக்கு,

சுகம். அங்கும் சுகம்தானே?

மருந்து சாப்பிடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பதவியை விடாதே. ஒரு தடவை இறங்கினால் பிறகு யாரும் ஏற்றிவிட மாட்டார்கள். வேலை என்பது மனிதனுக்கு முதுகெலும்பு. அது போனால் வீட்டுக்குள்ளேயே மரியாதை போய்விடும். நம் வீட்டில் ஒருவனாவது உயரத்தில் இருக்க வேண்டும். அது நீதான். இதற்குமேல் என்னிடம் கேட்காதே.

அண்ணன்

அக்டோபர் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அண்ணிக்குப் போன் செய்தால், "நல்லாத்தான் இருக்கார்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறார். நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம்.

உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் மேல போக அடிச்சுக்கறாங்க, நீ கீழ வரணுங்கற. ஏன்யா?" என்றார். "கீழதான் சார் பஸ் இருக்கு" என்றேன். சிரித்துவிட்டார். கொஞ்ச நாள் டிக்கெட் கவுன்ட்டரில் வைத்திருந்தார்கள். மாத்திரையால் மயக்கம் இல்லை, ஓட்டலாம் என்று டாக்டரம்மா எழுதித் தந்தபிறகு பஸ்ஸைக் கொடுத்தார்கள். பஸ் நிலையத்திலிருந்து துணி மில்வரை போய்த் திரும்புகிற ரூட்.

முதல் நாள் சீருடையைப் போட்டுக்கொண்டு நடந்தபோது முதுகெல்லாம் கண் இருப்பதுபோல் கூசியது. இவன்தான் மைக்கில் அழுதவன் என்று நினைப்பார்கள். நினைத்துக்கொண்டும் இருக்கலாம். அந்தக் கண்டக்டர்தான் இப்போது என் பஸ்ஸில். அவர் அம்மா தேறிவிட்டார். அன்றைக்கு லீவு தராததற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க பொறுமை, எங்க வீட்ல எனக்கே லீவு கிடைக்கறதில்ல" என்றார். சில நாள் காலையில் பழைய பாரம் மறுபடி வந்து உட்காருகிறது. வந்தால் வீட்டில் சொல்லிவிடுகிறேன், இப்போதெல்லாம் ஒளிப்பதில்லை.

உங்கள் முகத்தில் விழிக்கத்தான் வெட்கமாக இருக்கிறது. உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டேன். திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி

டிசம்பர் 1

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருப்பதை நேரிலேயே பார்த்தேன். அதனால் விசாரிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் ஊருக்கு வந்தேன். வீட்டுக்கு வரவில்லை. பஸ் நிலையத்தில் நின்று, உன் பஸ் வந்ததும் பின்வாசல் வழியாக ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். மில் கேட்டிலிருந்து பஸ் திரும்பிப் புறப்பட்டபோது ஓர் ஆள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். நீ அவனுக்காக நிறுத்திக் காத்திருந்தாய். "பொறுமையண்ணே, விட்டா அவங்க வீட்டுக்கே போய் எழுப்பிக் கூட்டிட்டு வருவீங்க" என்று கண்டக்டர் கத்தியது எனக்கே கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பாப்பாவும் அவள் அம்மாவும் பள்ளிக்கூட நிறுத்தத்தில் ஏறி உன் பின்னாலேயே உட்கார்ந்தார்கள். அவள் உன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுபடி பஸ் நிலையம் வந்ததும் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. இன்னொரு தடவை மில்வரை போக வேண்டும் என்று இன்னொரு டிக்கெட் வாங்கினேன். நீ பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தாய். யாரும் எழுந்து நிற்கவில்லை. அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆமாம், பொறாமைதான். எழுந்துவந்து உன் தோளில் கை வைக்க எவ்வளவோ முயன்றேன். உனக்கு எழுதின கடிதமெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நீ பஸ்ஸை எடுப்பதற்குள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போய்விட்டேன்.

இப்போதாவது சொல்லிவிடுகிறேன். ஏப்ரலிலேயே அச்சகத்தை மூடிவிட்டார்கள். உனக்குச் சொல்லவில்லை, தெருவிலும் சொல்லவில்லை. எழுந்து பல் தேய்ப்பதுகூட மலையாக இருக்கிறது. முகச்சவரம் செய்வதில்லை. செய்தித்தாளை விரித்துச் சிவப்பு மையால் பிழை திருத்துகிறேன். யாருக்கும் அனுப்புவதில்லை. அண்ணி பேசினால், கேட்டாலும் கேட்காததுபோல் இருந்துவிடுகிறேன். மந்தக் காதில் ஒரு வசதி. இறங்காதே என்று உன்னிடம் சொன்னவன் நான். அப்போதே நான் தரையில்தான் கிடந்தேன். உன் நாற்காலியைக் காட்டித்தான் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். அதையும் நீ எடுத்துவிட்டாய் என்று உன்மேல் கோபம். எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது.

நீ எப்படி அந்த டாக்டர் அறை வாசலைத் தாண்டினாய்? சும்மா கேட்கவில்லை.

அண்ணன்

டிசம்பர் 4

அன்புள்ள அண்ணா,

டிரைவருக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது. பஸ்ஸுக்குள் யார் ஏறினாலும் அதில் தெரியும். நீங்கள் ஏறியதை நான் பார்த்தேன்.

தாடியோடு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துவிட்டேன். என்னோடு பேச அவமானப்பட்டுத்தான் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அதனால் திரும்பவில்லை. பெரியப்பா மாதிரி இருக்கு என்று பாப்பா என் காதில் சொன்னாள். இல்லை, வேறு யாரோ என்று அவளிடம் பொய் சொன்னேன். பெஞ்சில் டீ குடித்ததும் சிரித்ததும், உங்களுக்குக் காட்டுவதற்காக. இறங்கிப் போனீர்களே, ஒரு பிடி உடம்பாக, அப்போதும் கூப்பிடாமல் இருந்தேன். உங்களைத் தெரியாதவன்போல் உட்கார்ந்திருந்தேனே, இதுவரை பட்டதெல்லாம் ஒரு வெட்கமா?

அந்த வாசலை நான் தாண்டவில்லை, அண்ணா. பாப்பாவின் அம்மாதான் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

அண்ணியிடம் பேசிவிட்டேன். அவர் அழுதார், பிறகு உங்கள் பையை எடுத்து வைக்கிறேன் என்றார். வியாழக்கிழமை எனக்கு லீவு. டாக்டரம்மாவிடம் இரண்டு பேர் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஏறுங்கள். நிலையத்தில் நான் நிற்பேன், பாப்பாவும் வருவாள். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். வாருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
தம்பி